குளத்து நீர்மட்டத்தை வாசிப்பதும் கணக்கிடுவதும்: வன்னிக் குளங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டால் வன்னியில் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த அடிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எத்தனை ஏக்கருக்கு எத்தனை நாள் காணும் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒரு பதில் வரும். சிறுபோகத்துக்கு (சித்திரையில் தொடங்கும் கோடைப் போகம்) முன் நடக்கும் கூட்டங்களில் வரும் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

கமக்கார அமைப்பில் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கும், குளம் பார்க்க ஆசைப்படும் இளையவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பழக்கிய பெடியன்கள் பலர் கணக்கிலிருந்து தொடங்கினார்கள். போனில் ஒரு அட்டவணை போட்டு, வரைபடமும் கீறிவிட்டார்கள். குளத்தில் நட்டிருக்கும் அளவுகோலின் பூச்சியம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலாவது படி பிழைத்தால் மிச்சம் எல்லாம் பிழைக்கும்.

1. தொடங்குமுன் சேர்க்க வேண்டியவை

தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி, இரண்டு பென்சில். பேனை வேண்டாம், மழைத்துளி பட்டால் மை பரவிவிடும். அங்குலமும் மில்லிமீற்றரும் உள்ள ஒரு அளவு நாடா. உள்ளே தண்ணீர் தெரியக்கூடிய, மூன்றடி நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு மழைமானி. விடியற்காலையிலோ இரவிலோ போவதென்றால் டோர்ச் லைட்.

இவற்றைவிட முக்கியம் குளத்தின் கொள்ளளவு அட்டவணை. எத்தனை அடியில் எத்தனை ஏக்கர் அடி (6ஆம் படியில் விளக்கியிருக்கிறேன்) தண்ணீர், நீர்ப்பரப்பு எத்தனை ஏக்கர் என்று அதில் இருக்கும். 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளமென்றால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். அதற்கு மேற்பட்ட குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போதே நான்கு எண்களையும் எழுதி வாங்குங்கள்: அளவுகோலின் பூச்சியம் எந்த மட்டம், வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) பாயும் மட்டம் எத்தனை அடி, குளக்கட்டின் உச்சி எத்தனை அடி, துருசால் (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகால்) எடுக்க முடியாத அடித்தண்ணீர் எத்தனை அடி.

நீங்கள் மட்டம் பார்க்கப் போவதைக் குளத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடுங்கள். துருசையோ வான்கதவையோ தொடுவது உங்கள் வேலை இல்லை.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. எங்கள் குளங்களில் முதலை உண்டு. அளவுகோலைத் துடைக்கவென்று தண்ணீருக்குள் இறங்காதீர்கள், நீளத் தடியில் துணி கட்டித் துடையுங்கள். யானை நடமாடும் இடமென்றால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். கட்டுக்கு எதிர்ப்புறக் கரையான அலைகரைப் பக்கம் காடு வழியாகப் போக நேர்ந்தால் ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குக் கிட்டவும் போக வேண்டாம்.

2. பூச்சியம் எங்கே என்று உறுதிப்படுத்துங்கள்

அளவுகோலில் 8 அடி என்று தெரிந்தால் குளத்தில் 8 அடி ஆழம் என்று பொருள் இல்லை. பெரும்பாலும் துருசு வாசலின் அடிமட்டத்தைத்தான் பூச்சியமாக வைப்பார்கள். அதற்குக் கீழேயும் தண்ணீர் நிற்கும், அது வாய்க்காலுக்கு வராது. மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் உதவும் தண்ணீர் அது.

சில குளங்களில் இரண்டு துருசுகள் வெவ்வேறு மட்டங்களில் இருக்கும். எந்தத் துருசின் வாசல் பூச்சியம் என்று கேட்டு எழுதுங்கள். மேட்டுத் துருசுக்காரருக்குத் தண்ணீர் முதலில் நின்றுவிடும். 'குளத்தில் இன்னும் ஐந்தடி கிடக்குது, எங்களுக்கு ஏன் வரேல்லை' என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அளவுகோல் ஒரே தூணாக இல்லாமல் கட்டின் சரிவில் படிப்படியாக நாலைந்து துண்டுகளாக நிற்கலாம். ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீரை வைத்தே சோதிக்கலாம். மட்டம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் நிற்கும் நாளில் இரண்டையும் வாசித்துப் பாருங்கள். ஒன்று 6 அடி 2 அங்குலமும் மற்றது 6 அடி 4 அங்குலமும் காட்டினால், ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது அல்லது பிழையாக நட்டிருக்கிறது. திருத்தும்வரை அந்த வித்தியாசத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கட்டுத் திருத்தம், வான் உயர்த்துதல், பெயின்ற் அடித்தல் ஏதாவது நடந்தால் இந்தப் படியைத் திரும்பவும் செய்ய வேண்டும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் முழுமட்டத்தைப் புனரமைப்பின்போது 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தினார்கள். பழைய ஆட்கள் பலருக்கு வாயில் இன்னும் 34தான் வரும். '34 அடி வந்திட்டுது, இனி வான்தான்' என்ற பேச்சை நம்பி ஒரு தகவலை அனுப்பினால் அது இரண்டு அடி பிழை.

3. ஒரே நேரத்தில், ஒரே முறையில் வாசியுங்கள்

காலை 8.30ஐ நான் சொல்வேன். வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்றுதான் கணக்கெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் மழையையும் மட்டத்தையும் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த நேரம் ஒத்துவராவிட்டால் வேறு நேரத்தை எடுங்கள், ஆனால் போகம் முடியும்வரை அதை மாற்றாதீர்கள். இன்று காலையிலும் நாளை மாலையிலும் வாசித்தால் ஒன்றரை நாள் இறக்கத்தை ஒருநாள் இறக்கமாக எண்ணிவிடுவீர்கள்.

கண்ணை இயன்றளவு நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி வாசியுங்கள். கட்டின் உச்சியில் நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் ஒரு அங்குலம் கூடக் குறையப் பிழைக்கும். தூணோடு ஒட்டித் தண்ணீர் சற்று மேலேறி நிற்கும், அதை விட்டுவிட்டு விரிந்த நீர்ப்பரப்பின் மட்டத்தை எடுங்கள்.

அலை இருக்கும் நாளில்தான் அந்தப் பிளாஸ்டிக் குழாய். அதன் கீழ்வாயைச் சிறு ஓட்டை மட்டும் விட்டு அடைத்து, அளவுகோலை ஒட்டி நிமிர்த்திப் பிடியுங்கள். வெளியே அலை நான்கு அங்குலம் ஏறி இறங்கினாலும் குழாய்க்குள் தண்ணீர் மெல்ல ஏறி ஒரு இடத்தில் அடங்கி நிற்கும். அதை வாசியுங்கள். குழாய் இல்லையென்றால் பத்து அலையின் மேல்மட்டத்தையும் கீழ்மட்டத்தையும் பார்த்து நடுவை எடுங்கள்.

காற்றும் மட்டத்தை மாற்றும். இரணைமடுவைப்போலக் கட்டு வடக்கிலும் அலைகரை தெற்கிலும் உள்ள குளத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தண்ணீரைக் கட்டுப் பக்கம் தள்ளி வைக்கும், வடகிழக்கிலிருந்து வீசும் வாடை அலைகரைப் பக்கம் தள்ளும். பெரிய குளத்தில் பலத்த காற்று ஒரு அங்குலம்வரை வித்தியாசம் காட்டலாம். அதனால்தான் கொப்பியில் காற்றுக்கும் ஒரு நிரல் வைக்கச் சொல்கிறேன்.

இனி, நான் அதிகம் கண்ட பிழை. சில அளவுகோல்களில் ஒரு அடியைப் பத்தாகப் பிரித்திருப்பார்கள், சிலவற்றில் பன்னிரண்டாக. முதலாவதில் 10.3 என்றால் 10 அடி 3.6 அங்குலம். இரண்டாவதில் புள்ளி போட்டு எழுதவே கூடாது. ஒருமுறை புதிதாக வந்த பெடியனிடம் கேட்டேன்:

"தம்பி, இண்டைக்கு எவ்வளவு?"

"பத்துப் புள்ளி பதினொண்டு அண்ணை."

அவன் பார்த்தது 10 அடி 11 அங்குலம். எழுதியது 10.11. அதைக் கணினியில் ஏற்றியவர் 10.11 அடி என்றே எடுத்தார். முதல்நாள் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரே இரவில் பத்து அங்குலம் இறங்கியதாகக் காட்டியது. கட்டு எங்கோ உடைத்துக்கொண்டது என்று மூன்று பேர் கட்டின் அடி முழுவதும் நடந்து தேடினோம். வெயில் ஏறும்வரை தேடியும் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் கொப்பியில் அடிக்கு ஒரு நிரல், அங்குலத்துக்கு ஒரு நிரல். புள்ளி கிடையாது.

4. மழையை உங்கள் குளத்தடியிலேயே அளவுங்கள்

வன்னியில் ஒரு ஊரில் கொட்டும் மழை மூன்று மைலுக்கு அப்பால் தூறலாகக்கூட இருக்காது. பட்டினத்து மழைக் கணக்கை உங்கள் குளத்துக்குப் போட வேண்டாம்.

கடையில் வாங்கும் மழைமானி நல்லது. இல்லையென்றால் பக்கங்கள் நேராக உள்ள பெரிய போத்தலின் தலையை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வையுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருப்பது கட்டாயம். அடிப்பகுதி குழிவும் மேடுமாக இருந்தால் ஒரு கோடு வரை தண்ணீர் விட்டு, அந்தக் கோட்டைப் பூச்சியமாக வையுங்கள். மரம் எவ்வளவு உயரமோ அதன் இரண்டு மடங்கு தூரத்தில், வெட்டையான இடத்தில் நிறுத்துங்கள். 25.4 மில்லிமீற்றர் ஒரு அங்குலம்.

ஐப்பசியில் முதல் மழை இரண்டு அங்குலம் பெய்தும் குளம் அசையவில்லை என்று புதியவர்கள் மழைமானியைச் சந்தேகிப்பார்கள். மானியில் பிழை இல்லை. காய்ந்து வெடித்த நிலம் முதலில் தான் குடிக்கும். பிறகு மேலே உள்ள சிறு குளங்களும் மோட்டைகளும் நிரம்ப வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நிலம் ஊறிய பிறகு அதே இரண்டு அங்குலம் குளத்தை அடிக்கணக்கில் ஏற்றும்.

நினைவில் வைக்க ஒரு எளிய கணக்கு: பன்னிரண்டு ஏக்கர் நிலத்தில் விழும் ஒரு அங்குல மழை முழுவதும் ஓடி வந்தால் ஒரு ஏக்கர் அடி. முழுவதும் ஓடி வராது. எவ்வளவு வருகிறது என்பதை உங்கள் கொப்பிதான் இரண்டு மூன்று மாரிக்குள் சொல்லித் தரும். மழை நின்ற பிறகும் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தையும் குறியுங்கள். மேலிருந்து தண்ணீர் வந்துசேர எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்ற அந்த எண் வெள்ள இரவில் பொன்னான எண்.

5. கொப்பியின் நிரல்கள்

திகதி, நேரம், அடி, அங்குலம், மழை, துருசு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது, வான் பாய்கிறதா, காற்று, குறிப்பு. இவ்வளவும் போதும்.

போக முடியாத நாளை வெறுமையாக விடுங்கள். ஒருமுறை நான்கு நாள் வெற்றிடத்தை ஒருவர் சம சமமாகப் பிரித்து நிரப்பிவிட்டார். அந்த நான்கு நாளுக்குள் ஒரு நல்ல மழையும், இடையில் துருசு திறந்ததும் நடந்திருந்தன. இரண்டும் கணக்கிலிருந்து மறைந்துபோயின. வெற்றிடம் இருந்தால் அங்கே தெரியாது என்றாவது தெரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தைப் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். கொப்பி நனையும், கறையான் அரிக்கும்.

6. அடியை ஏக்கர் அடியாக மாற்றுங்கள்

குளம் சீமெந்துத் தொட்டி மாதிரி இல்லை, அகன்ற தட்டம் மாதிரி. மேல் அடியில் தண்ணீர் பரந்து நிற்கும், கீழ் அடியில் சுருங்கி நிற்கும். ஆகவே ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு அளவு தண்ணீர். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்.

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி. 43,560 கன அடி, ஏறத்தாழ 1,233 கன மீற்றர்.

அட்டவணை கிடைத்தால் அதையே பாவியுங்கள். சிறு குளத்துக்கு அட்டவணையே இல்லையென்றால் ஒரு மதிப்பீட்டு வழி உண்டு: நீர்ப்பரப்பு ஏக்கரையும் ஆழம் அடியையும் பெருக்கி, வருவதில் பத்தில் நான்கு பங்கை எடுங்கள். முழுமட்டத்தில் 300 ஏக்கர் பரந்து 12 அடி நிற்கும் ஒரு உதாரணக் குளத்தை எடுப்போம். 300 × 12 × 0.4 = 1,440 ஏக்கர் அடி. அதே வடிவத்தைக் கீழ்நோக்கிக் கணக்கிட்டால் இப்படி வரும்:

12 அடி – 1,440 ஏக்கர் அடி
11 அடி – 1,158
10 அடி – 913
9 அடி – 701
8 அடி – 523
6 அடி – 255
4 அடி – 92
3 அடி – 45

6 அடியைப் பாருங்கள். அளவுகோலில் பாதிக் குளம். தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேல் அடி ஒன்று 282 ஏக்கர் அடி, 4க்கும் 3க்கும் இடையிலான அடி வெறும் 47. 'பாதிக் குளம் கிடக்கு, பாதி வயல் செய்வோம்' என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

பெரிய குளத்திலும் இதே கதைதான். இரணைமடுவில் அந்த இரண்டு அடி உயர்வால் கொள்ளளவு ஏறத்தாழ 131 மில்லியன் கன மீற்றரிலிருந்து 148 மில்லியனாகக் கூடியது. அடிக்கு 8.5 மில்லியன். முழுக்குளத்தையும் 36ஆல் பிரித்தால் சராசரியாக அடிக்கு நான்கு மில்லியன்தான் வரும். மேலடி ஒன்று சராசரி அடியைப்போல இரண்டு மடங்கு.

7. துருசு மூடிய நாட்களில் இழப்பைப் பிடியுங்கள்

மழை இல்லை, துருசு மூடியிருக்கிறது, வானும் பாயவில்லை. இப்படி ஒரு பத்து நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில் இறங்கும் மட்டம் இரண்டே வழியால் போகிறது: ஆவியாதல், கசிவு.

எங்கள் பக்கம் வெயில் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகப் போகும். மாதத்துக்கு ஆறு அங்குலம் என்று வையுங்கள். உங்கள் இடத்துக்குப் பார்க்க விரும்பினால் ஒரு அகன்ற தட்டத்தில் தண்ணீர் விட்டு, ஆடு மாடு வாய் வைக்காதபடி வலை போட்டு, தினமும் எவ்வளவு குறைகிறது என்று அளவுங்கள். சிறு தட்டம் குளத்தைவிட வேகமாகக் காயும். ஆகவே தட்டத்தில் குறைவதில் பத்தில் ஏழு பங்கைக் குளத்துக்கு எடுங்கள்.

பத்து நாளில் நான்கு அங்குலம் இறங்கினால் நாளுக்கு 10 மில்லிமீற்றர். 6 ஆவியாதல், மிச்சம் 4 கசிவு. இந்தக் கசிவு எண்ணை ஒரே மட்டத்தில் வருடாவருடம் ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருடம் 9 அடியில் 3 மில்லிமீற்றராக இருந்தது இந்த வருடம் 7 என்றால் கட்டின் வெளி அடியைப் பார்க்கப் போக வேண்டும்.

அங்கே ஈரம் தெரிந்தால், கசியும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடியுங்கள். தெளிவாக வந்தால் இடத்தையும் அளவையும் குறித்து, உரிய அலுவலகத்துக்கு அறிவித்து, தினமும் கவனியுங்கள். கலங்கலாக, மண் கரைந்து வந்தால் கட்டுக்குள் மண் அரிபடுகிறது. அதை நாளைக்கு என்று விட முடியாது. அந்த நிமிடமே பொறுப்பான உத்தியோகத்தருக்கு எடுத்துச் சொல்லுங்கள், கட்டின் கீழ் இருக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். கறையான் புற்று, உடும்பு வளை, கட்டில் வளர்ந்த பெரிய மரத்தின் வேர், இவைதான் பெரும்பாலும் வழி திறந்து கொடுக்கின்றன.

8. துருசு திறந்த நாட்களில் கணக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்

ஒரு கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) தண்ணீர் 24 மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி. இது ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும்.

உதாரணக் குளம் 9 அடியில் நிற்கிறது. 15 கியூசெக் ஐந்து நாள் விட்டார்கள். 150 ஏக்கர் அடி. 701இல் 150 போக 551, அட்டவணைப்படி மட்டம் 8 அடி 2 அங்குலத்துக்கு வர வேண்டும். பத்து அங்குல இறக்கம். ஐந்து நாள் ஆவியாதல் ஒரு அங்குலம், கசிவு ஒரு அரை அங்குலம். 11, 12 அங்குலம் என்றால் சரி.

14 அங்குலம் இறங்கியிருந்தால்? அந்த மட்டத்தில் ஒரு அங்குலமே 13, 14 ஏக்கர் அடி. காணாமல் போனது ஏறத்தாழ 30 ஏக்கர் அடி. சிறிய தண்ணீர் இல்லை. உடனே யாரையும் குற்றம் சொல்லக் கிளம்பாதீர்கள். முதலில் துருசுக் கதவு சொன்ன அளவுதான் திறந்திருக்கிறதா, இரவில் யாராவது கூட்டினார்களா, கதவின் அடியில் கல்லோ மரக்கட்டையோ சிக்கி மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: துருசு ஒரே அளவு திறந்திருந்தாலும் குளத்து மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் குறையும். முதல்நாள் 15 கியூசெக் ஓடியது என்று கடைசி நாளுக்கும் 15 போடக்கூடாது.

9. சிறுபோகக் கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய கழித்தல்

சித்திரை தொடக்கத்தில் உதாரணக் குளத்தில் 10 அடி, 913 ஏக்கர் அடி. சிறுபோக நெல்லுக்குத் துருசடியில் ஏக்கருக்கு நாலரை ஏக்கர் அடி வேண்டுமென்று வைப்போம். 913ஐ நாலரையால் பிரித்தால் 203 ஏக்கர். அவசரப்பட்டு இதைக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆடியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் துருசு வாயில் சேறு.

சரி, முறைப்படி கழிப்போம். மாடு, மீன், ஊர்க் கிணறுகளின் ஊற்று, இவற்றுக்காக 4 அடியில் நிறுத்துவதென்றால் 92 போய்விடும். நான்கு மாத ஆவியாதல் இரண்டு அடிக்குச் சற்று மேல். இந்தக் காலத்தில் சராசரி நீர்ப்பரப்பு 140 ஏக்கர் என்று எடுத்தால் ஏறத்தாழ 300 ஏக்கர் அடி. கசிவுக்கு 150. மிச்சம் 371. நாலரையால் பிரித்தால் 82 ஏக்கர்.

203க்கும் 82க்கும் இடையில் இருப்பது நூற்றிருபது ஏக்கர்க் கமக்காரரின் விதைநெல், உழவுக்கூலி, உரக் கடன். இந்தக் கழித்தலைக் கூட்டத்துக்கு முன்பே பெரிய தாளில் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள். முடிவைக் கூட்டமும் அதிகாரிகளும் எடுக்கட்டும். ஆனால் எண் தெரிந்த பிறகு எடுக்கட்டும்.

கழித்துப் பார்த்தால் நெல்லுக்குக் காணாது என்று தெரிந்தால், ஒரு பகுதியில் உழுந்து, பயறு போன்ற குறைந்த தண்ணீர்ப் பயிருக்குப் போகலாமா என்று பேச அப்போது நேரம் இருக்கும். விதைத்து ஒரு மாதம் போன பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

போகம் தொடங்கிய பிறகு கிழமைக்கு ஒருமுறை, எதிர்பார்த்த மட்டத்தையும் உண்மை மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு அங்குலம் பிந்தும்போதே முறைத்தண்ணீரின் இடைவெளியைக் கூட்டினால் பயிர் தாங்கும்.

10. மாரியில் மணித்தியாலக் கணக்கு

வான்மட்டத்துக்கு இரண்டு அடி இருக்கும்போதே நாளுக்கு ஒருமுறை என்பதை விட்டு, மழை நேரத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு அடி இருக்கும்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இருட்டில் தனியாகப் போகாதீர்கள். கட்டின் மேல் மோட்டார் சைக்கிள் சறுக்கும்.

12 அடியில் வான் பாயும் உதாரணக் குளத்தையே எடுப்போம். இரவு 9 மணிக்கு 9 அடி 9 அங்குலம், 12 மணிக்கு 10 அடி 6 அங்குலம். மூன்று மணித்தியாலத்தில் 9 அங்குலம், மணிக்கு மூன்று. வானுக்கு இன்னும் 18 அங்குலம், ஆகவே காலை 6 மணியளவில் வான் பாயும். இது முதல் மதிப்பீடு மட்டும்தான். மேலே போகப் போகப் பரப்பு விரிவதால் அதே வரத்து மெதுவாக ஏற்றும். மறுபக்கம், மேற்குளம் ஒன்று வான் பாய்ந்தாலோ உடைத்தாலோ வரத்து திடீரென்று கூடும். ஒவ்வொரு வாசிப்புக்கும் புதிதாகக் கணக்கிடுங்கள். மேற்குளத்து ஆட்களின் தொலைபேசி எண்கள் மாரி தொடங்குமுன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

வான் பாயத் தொடங்கினால் இனிப் பயமில்லை என்று வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வான் பாயும்போதும் மட்டம் ஏறலாம். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கூடவென்றால் ஏறத்தான் செய்யும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கட்டின் உச்சிக்கு எத்தனை அடி மிச்சம் என்பதை. வான் வாயில் மரமும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையும் வந்து அடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. விடியும்போது பல ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அப்படியான இரவில் தகவல் போகும் விதம் முக்கியம். 'குளம் நிரம்புது, கவனம்' என்று அனுப்பினால், அது எந்தக் குளம், எப்போது எழுதியது என்று தெரியாமல் விடியும்வரை கைமாறிக்கொண்டே இருக்கும். குளத்தின் பெயர், திகதி, நேரம், அடி, அங்குலம், வானுக்கு மிச்சம், மணிக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று எழுதுங்கள். முதலில் பொறுப்பான உத்தியோகத்தருக்கு, பிறகு கிராம அலுவலருக்கு, பிறகு கீழ்ப்பக்க ஊர்களுக்கு அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. வான்கதவு திறப்பது பற்றிய செய்தியை உரிய திணைக்களம் சொன்ன பிறகே பரப்புங்கள். ஊகத்தைப் பரப்பினால் அடுத்தமுறை உண்மையைச் சொன்னாலும் ஆட்கள் எழும்ப மாட்டார்கள்.

11. வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டியவை

அட்டவணை பழையதாகும். மாரிதோறும் மண் வந்து அடியில் படிகிறது, அளவுகோலோ அதே இடத்தில் நிற்கிறது. 8ஆம் படியில் சொன்ன கணக்கு வருடாவருடம் ஒரே பக்கமாகப் பிழைத்தால், அதாவது விட்ட தண்ணீருக்கு மட்டம் எப்போதும் அதிகமாக இறங்கினால், கசிவையும் துருசையும் பார்த்த பிறகு, குளத்தின் கொள்ளளவு குறைந்துவிட்டதா என்று அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கொப்பியின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

செயற்கைக்கோள் படங்களும் உதவும். சென்டினல்-2 படங்களை இலவசமாகப் பார்க்கலாம், பத்து மீற்றர்த் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். 9 அடியில் நீர்ப்பரப்பு அட்டவணை சொல்லும் ஏக்கருக்குக் கிட்ட வருகிறதா என்று அதில் ஒப்பிடலாம். மாரியில் முகில் மறைத்துவிடும், அப்போது ராடாரில் எடுக்கும் சென்டினல்-1ஐப் பாருங்கள். தாமரையும் சல்வீனியாவும் மூடிய தண்ணீர் படத்தில் தரைபோலத் தெரியும் என்பதால், படத்தை வைத்து ஏக்கர் எண்ணுமுன் ஒருமுறை அலைகரையை நேரில் பார்த்துவிடுங்கள். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போது அளவுகோலின் அடித்தூண் வெளியே தெரியும். பூச்சியத்தைத் துருசு வாசலோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் துருசு வாசலிலும் மறுமுனையைத் தூணிலும் பிடித்தால் அரை மணித்தியால வேலை.